ஏறிய கியரிலேயே இறங்கு

ஃபிரெஸ்னோ, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

 

போன வாரக் கடைசியில் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போய் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். 180ஆம் எண் சாலை. அதில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பகுதியை நவம்பரில் பூட்டினால் பனி கரைந்து ஏப்ரல் கடைசி வாக்கில்தான் திறப்பார்கள். நம் வால்பாறையில் மலை ஏறிப் போவோம். இங்கே 6,600 அடி உயரத்தில் இருக்கும் கிராண்ட் குரோவ் வரை ஏறி, அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம். அடியில் கிங்ஸ் ஆறு வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. வால்பாறைச் சாலையில் இருப்பது போல '9/40' என்று வளைவுக்கு வளைவு பலகை கிடையாது. டீக்கடை கிடையாது. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்கும் கிடையாது.

பழக்கதோஷத்தில் ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். எதிரே வந்தவர், தெரிந்தவன் போலிருக்கிறது என்று கையசைத்துவிட்டுப் போனார். மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். நானோ ஏழெட்டு வண்டி பின்தொடரத் தேர் போலப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று கியரைத் தொடாமல் பிரேக்கையே மிதித்தபடி இறங்கியதில், "ஏதோ தீயுதே" என்றாள் உங்கள் மருமகள். சக்கரத்திலிருந்து புகை.

ஒதுங்குமிடத்தில் நிறுத்தினோம். அங்கே நின்றிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "கியரைக் குறை தம்பி, வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளும்" என்றார். பொள்ளாச்சி-வால்பாறை பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டிய நீங்கள் "ஏறுன கியர்லயே எறங்குடா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கடல் தாண்டி வந்தும் உங்களிடமே திட்டு வாங்கியது போலிருந்தது.

சீடார் குரோவில் ஆற்றோரம் கூடாரம். அங்கே கரடி நடமாட்டம் உண்டு. அதனால் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, குழந்தை உட்காரும் கார் சீட்டு வரை, வாசம் வரும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். கரடியின் கை நுழையாதபடி தாழ்ப்பாளை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிஷம் என் கையும் நுழையவில்லை. அம்மா கொடுத்த பருப்புப் பொடி, மாவடு, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும் உங்கள் பேரன் கேட்டான்: "அப்பா தலையிலயும் எண்ணெய் இருக்கே, அவரையும் உள்ளே வச்சுப் பூட்டணுமா?" அவன் அம்மா சற்று யோசித்ததுதான் எனக்கு வருத்தம்.

ராத்திரி முழுக்க ஆற்றுச் சத்தம். பைன் மரங்களுக்கு நடுவே அவ்வளவு நட்சத்திரத்தை ஆழியாறில் பார்த்தது; அதற்குப் பிறகு இப்போதுதான். கரடி வரவில்லை.

உங்கள் அன்பு மகன்.

பி.கு.: அம்மாவிடம் சொல்லுங்கள், பருப்புப் பொடி வாசம் கரடிக்கு எட்டவில்லை, பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு எட்டிவிட்டது. பிரேக்கை மோந்து பார்த்த அதே பெரியவர்தான். அடுத்த பார்சலில் கால் கிலோ கூட வைக்கவும்.