முகமறியார் முகங்காண் இயல்: மூலமும் உரையும்

தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் செய்தார், செயலிக்குச் செய்யவில்லை. அக்குறை தீர, முன்பின் தெரியாதவரோடு வீடியோவில் பேசும் இலவசச் செயலியைத் தேர்வது எப்படி என்னும் இவ்வியலை யாமே இயற்றி, யாமே உரையும் எழுதினோம். நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே என்பதால் இருவருக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை.

முன்பின் அறியார் முகம்நேர் கண்டபின்
அடுத்தெனத் தள்ளலும் ஆங்கதன் மரபே.

உரை: 'அடுத்து' என்றது நெக்ஸ்ட் பொத்தானை. இச்செயலிகளின் உயிர்நிலை அதுவே. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லீஃப் கே-புரூக்ஸ் என்னும் 18 வயதுக்காரர் ஒமேகிள் என்னும் இவ்வகைத் தளத்தைத் தொடங்கினார். முதலில் எழுத்து மட்டும், வீடியோ மறு ஆண்டில். அதே 2009 நவம்பரில் மாஸ்கோவின் 17 வயதுப் பள்ளி மாணவர் ஆந்த்ரே டெர்னோவ்ஸ்கி சாட்ரூலெட்டைத் தொடங்கினார். இருவருக்கும் நம் கணக்கில் ப்ளஸ் டூ வயது. 'தெரியாதவங்ககிட்ட பேசாதே' என்று சொல்லி வளர்த்ததன் பயன் இது.

ரயிலில் எதிர் இருக்கைக்காரரோடு பேசினால் ஆகாதோ எனின், ஆகாது. சென்னையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மதுரை சேர ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அந்த எண்ணை நோக்குக. செங்கல்பட்டுக்குள் ஊர், வேலை, சம்பளம் கேட்டுவிடுவார். விழுப்புரத்தில் அவருடைய மூட்டுவலி தொடங்கும். திருச்சியில் மருமகள் வருவாள். பொத்தான் கிடையாது. கையால் தள்ளினால் ரயில்வே போலீஸ் வரும். வந்துபோகிற அந்நியரிடம், நெருங்கியவரிடம் மறைப்பதைக்கூட மனிதர் கொட்டிவிடுவர் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1908-இல் எழுதினார். அவர் வைகையில் போனதற்குச் சான்று இல்லை. ஆயினும் அந்த மருமகள் அவருக்குத் தெரிந்தவள் போலிருக்கிறது.

இலவசம் என்ப விலைமறை கிளவி.

உரை: தென்கொரியாவின் ஹைப்பர்கனெக்ட் நிறுவனம் நடத்தியது அசார் என்னும் இவ்வகைச் செயலி. டிண்டரை வைத்திருக்கும் மேட்ச் குரூப் 2021-இல் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 173 கோடி டாலருக்கு வாங்கியது. தண்ணீர்ப் பந்தலை எவரும் அந்த விலைக்கு வாங்கியதில்லை. காசு எங்கிருந்து வருகிறது எனின், பார்ப்பது இலவசம், யாரைப் பார்ப்பது என்பதற்கே கட்டணம். 'பெண்களை மட்டும் காட்டு' என்றதும் இத்தகைய செயலிகள் நகைக்கடையாக மாறி, வைரம் வாங்கு, நாணயம் வாங்கு என்னும்.

காசு கட்டாதவன் காண்பது என்ன? யாம் இறக்கிச் சோதித்த ஒரு செயலி (பெயர் வேண்டா) ஐந்து நிமிடத்தில் காட்டியவை: ஒரு மின்விசிறி, ஒரு நெற்றி, கேமராமேல் விரல் வைத்திருந்த ஒருவர், மறுபடி அதே மின்விசிறி. இம்முறை விசிறிக்குக் கீழே ஆள் தென்பட்டார். எம்மைக் கண்ட முக்கால் நொடியில் தள்ளிவிட்டார். எத்தனையோ பத்திரிகைகள் எம் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியுள்ளன. எதுவும் இவ்வளவு விரைவாக அனுப்பியதில்லை.

தெரிந்தோர் பட்டியல் கேட்குமேல் நீக்குக.

உரை: இவ்வியலில் இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும். கேமரா கேட்கட்டும், மைக் கேட்கட்டும். அவை இல்லாமல் தொழில் நடக்காது. தெரியாதவரைக் காட்டுகிறேன் என்கிறவனுக்குத் தெரிந்தவர்களின் எண்கள் எதற்கு? 'அவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவரைக் காட்டத்தான்' என்பாரும் உளர். கல்யாணத் தரகர் பீரோ சாவி கேட்டாலும் அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தருவர். ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். பேச்சு முடிந்தும் அது எரிந்தால், உமக்குத்தான் முடிந்தது என்க. இன்னொன்று: நடுவே சர்வர் இல்லாமல் படம் நேரே கைபேசிக்குக் கைபேசி போகும் வகை உண்டு. அதில் உம் ஐ.பி. முகவரி எதிராளிக்குத் தெரிய வாய்ப்புண்டு. அதைக்கொண்டு ஊரையும் ஓரளவு கணிக்கலாம். எந்த ஊர் என்று அவர் கேட்காதது நாகரிகத்தால் அன்று.

முகம் காணாமல் நட்பு உண்டோ எனின், உண்டு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பாராமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் பாண்டி நாட்டிலிருந்து தேடி வந்தார். வீடியோ இருந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பது ஆய்வுக்குரியது. ஆந்தையார் முதுமையிலும் நரையில்லாதவர். ஃபில்டர் போட்டிருக்கிறான் என்று சோழன் 'அடுத்து' அழுத்தியிருப்பான்.

இனி வருவதற்கு மூலம் இல்லை, உரை மட்டும். 11 வயதில் ஒமேகிளில் ஒரு கொடியவனோடு இணைக்கப்பட்ட அமெரிக்கப் பெண் பின்னாளில் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்த கையோடு 2023 நவம்பர் 8-இல் ஒமேகிள் மூடப்பட்டது. முகப்பில் கல்லறைக் கல்லின் படம், அதில் 2009–2023. நடுகல் வீரருக்கு உரியது. இதற்கு எந்தத் துறை சொல்வதென்று யாம் துணியவில்லை. 'எனக்கு 18 ஆயிற்று' என்ற கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நம்பிவிடுகிற செயலி எதுவாயினும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வைக்கலாகாது.

முகங்காட்டிப் பேசியதைப் பதிந்து வைத்து, பணம் கேட்டு மிரட்டுவோர் நம் நாட்டில் உளர். சிக்கினால் ஒரு பைசாவும் அனுப்பாமல் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க. எடுத்துப் பேசுகிறவரும் முன்பின் தெரியாதவர்தான். வைரம் கேட்க மாட்டார்.