சீல் வைத்த வீட்டின் சாவி கோரி ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய வங்கி ஏல அதிகாரி அவர்களுக்கு,

ஜப்தி செய்த வீட்டைத் தாங்கள் 'உள்ளது உள்ளபடி' விற்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. உள்ளே என்ன உள்ளது என்பதுதான் பரம ரகசியமாக இருக்கிறது. பார்வையிடும் நாளில் வருகிறவர் வெளிக்கேட்டுப் பூட்டையும் கதவில் ஒட்டிய நோட்டீஸையும் கண்குளிரத் தரிசித்துவிட்டுத் திரும்பலாம். பணத்தில் மட்டும் இந்த நிதானம் கிடையாது. கடனுக்கு ஈடான சொத்தை வங்கி விற்பதற்கான சர்ஃபாசி சட்ட விதிகளின்படி ஏலம் எடுத்தவர் அன்றைக்கே, மிஞ்சினால் அடுத்த வேலைநாளில், விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மிச்சத்தை விற்பனை உறுதியான 15 நாளிலோ, தாங்கள் எழுத்தில் நீட்டித்த கெடுவிலோ புரட்டாவிட்டால் கட்டிய பணம் போச்சு. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2024இல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றுவிட்டது. மின்விநியோக விதிகளில் இடமிருந்தால் பழைய மின்பாக்கியும் புதியவர் தலையில்தான் என்பது அதே நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வாங்குகிறவர்தான் தீர விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, எதை விசாரிப்பது? வில்லங்கச் சான்றில் கரையான் தெரியாதே!

ஆளில்லாத வீடு சும்மா கிடப்பதில்லை. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சருகு அடைக்கும். தேங்கிய நீர் இறங்கி, கம்பி துருவேறி, கூரைப்பூச்சு பாளம் பாளமாக விழும். கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் வற்றியதும் சாக்கடை நாற்றமும் கரப்பானும் குடியேறும். போர் மோட்டாரும் சுவருக்குள் ஓடிய ஒயரும் எந்தக் காயலான் கடையில் இருக்கின்றனவோ! காகிதத்தில் மட்டும் சுவாதீனம் எடுத்த வீடென்றால் உள்ளே ஒரு குடும்பமே சமைத்துக்கொண்டிருக்கலாம்.

அதற்குத்தானே விலையைக் குறைத்திருக்கிறோம் என்பீர்கள். எதற்காகக் குறைத்தீர்கள் என்று தெரியாதவர் தன் பயத்துக்கும் சேர்த்து அல்லவா குறைத்துக் கேட்பார்? அந்த நட்டம் முதலில் வங்கிக்கு. பிறகு, வீடும் போய் மீதிக் கடனையும் சுமக்கும் பழைய சொந்தக்காரருக்கு. அவருடைய தட்டுமுட்டுச் சாமான் உள்ளே கிடக்கிறது, ஆளாளுக்குத் திறந்துவிட முடியாது என்பதும் நியாயமே. தங்கள் ஊழியர் ஒருவர் கூடவே நிற்கட்டும். வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஒரு இன்ஜினியரோடு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகட்டும். குறைந்தபட்ச விலை வைக்குமுன் தாங்கள் ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கியிருப்பீர்கள், விதி அப்படி. அதன் நகலையாவது கொடுக்கலாமே.

இரண்டும் ஆகாதென்றால் நாங்களும் முன்பணத்தைச் சீல் வைத்த கவரில் தருகிறோம். பிரித்துப் பார்க்காமல் ரசீது போடுங்கள்.

இப்படிக்கு,
ஏலம் கேட்கக் காத்திருப்போர்