பத்தே நிமிடத்தில் காலைச் சமையல்

தேவையான பொருட்கள்: வேகவைத்துக் கடைந்த துவரம்பருப்பு ஒரு கப், ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிய புளித்தண்ணீர் ஒரு கப், உரித்த சின்ன வெங்காயம் இருபது, நறுக்கிய காய் ஒரு கிண்ணம், இரவே பொங்கி நிற்கும் இட்லி மாவு, கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ் மூன்று (மூடியோடு). இவ்வளவையும் வேகவைத்து, ஊறவைத்து, உரித்து, நறுக்கி, கழுவி வைக்க ஒரு ஆள்.

ஆள் கிடைக்காதவர்கள் தாங்களே அந்த ஆளாக இருந்துகொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

இனி செய்முறை. கடிகாரத்தை எந்த இடத்தில் தொடங்குவது என்பதுதான் விரைவுச் சமையலின் ரகசியம். 1983-ல் இந்தியாவுக்கு வந்த மேகி நூடுல்ஸ் இரண்டே நிமிடம் என்றது. தண்ணீர் கொதிக்கும் நேரம் அதில் சேர்த்தியில்லை. இன்றைய யூடியூப் சமையலிலும் கடுகு வெடிக்கும்போது நேரம் தொடங்கும், அடுப்பை அணைத்ததும் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடக்கப்போவதும் சமையல் கணக்கில் வராது. நீங்களும் அப்படியே எண்ணிப் பழகுங்கள். மனசு லேசாகும்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். இட்லி அரிசி நாலு பங்கு, உருண்டை உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். நாலு மணி நேரம் ஊறவேண்டும். உளுந்தைத் தனியாகப் போட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும், அதுதான் பதம். அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக ஆட்டி, உப்புப் போட்டு, கையாலேயே கலந்து மூடி வையுங்கள். எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பொங்க அடம்பிடிக்கும். சித்திரையில் நடுராத்திரியில் பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையெல்லாம் நடக்கும். காலையில் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். பத்தே நிமிடத்தில் இட்லி தயார். ஆட்டும் நேரத்தையும் சேர்த்துப் பதின்மூன்று மணி நேரம் பத்து நிமிடம் என்று தலைப்பு வைத்தால் யார் படிப்பார்கள்?

கடையில் மாவு பாக்கெட் வாங்குகிறவர்களும் வெட்கப்படத் தேவையில்லை. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம். நாலாம் நாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிக் கொட்டி குழிப்பணியாரம். ஐந்தாம் நாள் மாவைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள்.

2011-ல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு மிக்சியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆட்டுக்கல்லில் தேய்ந்த கைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஞாயிறு மத்தியானம் தூக்கத்தின் நடுவே "ஐயோ, அரிசி ஊறப்போடலையே" என்று எழுந்து உட்காரும் இயந்திரம் இன்னும் வரவில்லை. அந்தப் பொறுப்பும் மேலே சொன்ன ஆளுக்கே.

அடுத்தது மதியச் சாப்பாட்டுக் கட்டு. கலந்த சாதம் வேலையை மிச்சப்படுத்தும். எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகே சாற்றைப் பிழியுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். புளிக்காய்ச்சலுக்கு நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எண்ணெய் மேலே மிதந்தால்தான் நாள்பட நிற்கும். தயிர்ச்சாதத்தைக் குழையப் பிசைந்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்தால் போதும். மதியம் மணி அடிப்பதற்குள் டப்பாவிலேயே உறைந்து, புளிக்காமல் இருக்கும். இவை மூன்றும் பரம்பரையாகச் சோதித்துப் பார்த்தவை, நம்பிச் செய்யலாம். பிள்ளை சாப்பிடுமா என்பது வேறு துறை. கறிவேப்பிலையைப் பொறுக்கி டப்பா ஓரத்தில் அடுக்கி, கடுகைக்கூட ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தில் எழுத்துப்பிழை மட்டும் கண்ணில் படாது.

குடும்பத்தினரின் உதவியையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். "எதுவும் பண்ணணுமா? சொல்லு, பண்றேன்" என்று சமையலறை வாசலில் வந்து நிற்கும் கணவருக்கு விசில் எண்ணும் வேலையைக் கொடுக்கலாம். ஆபத்தில்லாத வேலை. கொஞ்ச நேரத்தில் வந்தது மூன்றா நாலா என்று வாக்குவாதம் எழும். மூத்தவன் மூன்று என்பான், சின்னவள் எதிர்வீட்டு விசிலையும் சேர்த்து ஐந்து என்பாள். உண்மையில் விசிலை எண்ணவே தேவையில்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தைப் பார்த்தால் போதும், பருப்பு ஒழுங்காக வேகும். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், இருக்கிற ஒரு வேலையும் போய்விடும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடிப்பது அடுப்பே பற்றவைக்காமல் செய்யும் ஒரு வேலை: நாளைக்கு என்ன என்று முடிவுசெய்வது. அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எந்தக் கிழமைக்கு எது என்பது முன்கூட்டியே எழுதியிருக்கிறது. வீட்டில் உப்புமா என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையும், பக்கத்தில் உட்கார்ந்தவன் சாப்பிட்டால் சாப்பிட்டுவிடும். நீங்களும் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிப் பாருங்கள். முதல் வாரம் எல்லோரும் பாராட்டுவார்கள். இரண்டாம் வாரம் அதன் முன்னாலேயே நின்றுகொண்டு "இன்னிக்கு என்னம்மா டிபன்?" என்பார்கள்.

கடைசியாக, அவசரகாலக் குறிப்பு. பாத்திரமெல்லாம் கழுவி, மேடையைத் துடைத்து, விளக்கை அணைக்கப் போகும்போது எல்கேஜி படிக்கும் சின்னது வந்து, "அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல கிரீன் டே, பச்சைக் கலர்ல சாப்பாடு கொண்டுவரணும்னு மிஸ் சொன்னாங்க" என்று அறிவிக்கும். எப்போது சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், திங்கட்கிழமையே சொல்லியிருப்பார்கள். ஒரு கட்டுக் கொத்தமல்லி, ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் தேங்காய், சுண்டைக்காய் அளவு புளி. அரைத்து, எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, உதிரியாக வடித்த சாதத்தில் கிளறினால் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆகும் நேரம் பத்து நிமிடம். கொத்தமல்லி இல்லையென்றால், கடை அடைப்பதற்குள் கணவரை அனுப்புங்கள். புதினாவை வாங்கிக்கொண்டு வருவார். ஒன்றும் சொல்லாதீர்கள், அதுவும் பச்சைதான்.