சிஸ்டம் தம்பி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சோமனூரில் வீதிக்கு ஒரு சிஸ்டம் தம்பி இருந்தான். மேல் பாக்கெட்டில் டெஸ்டர், கையில் சிடி பவுச். "வாங்க தம்பி, காப்பி குடிக்கறீங்களா?" என்று தறிக்குடோன்காரர் கேட்பதற்குள் சிபியூ மூடியைக் கழற்றியிருப்பான். அதைத் திரும்ப மாட்டி யாரும் பார்த்ததில்லை. "காத்தோட்டமா இருக்கட்டுங்ணா."

எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். அன்று முதல் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பார்மட். பிரிண்டர் ஓடாவிட்டாலும் பார்மட், மவுஸ் சிக்கினாலும் பார்மட். 25 எழுத்து ப்ராடக்ட் கீயைப் பார்க்காமல் ஒப்பிப்பான். இன்னும் 39 நிமிடம் என்று திரை சொல்லும். அந்த 39 அசைவதற்குள் ஒரு பாவே ஓடி முடிந்துவிடும்.

சோதனை அதற்கப்புறம்தான். உள்ளே செருகியிருப்பது பெரும்பாலும் சாஃப்ட்மோடம். டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் தகடு.

"டிரைவரை நெட்ல எறக்கிக்கலாங்ணா."

"நெட்டுக்கு என்ன வேணும்?"

"மோடம் வேணுங்ணா."

எங்கோ இடிக்கிறதென்று அண்ணனுக்குத் தோன்றும். கேட்கத்தான் வாய் வராது.

கோயமுத்தூர் போய் பிளாப்பியில் டிரைவர் வாங்கி வந்தால் எரர் 680: டயல் டோன் இல்லை. ஒயரை 'லைன்' துளையில் செருகாமல் 'போன்' துளையில் செருகியிருப்பான். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, "எக்ஸ்சேஞ்சுல சரி பண்ணிட்டாங்கங்ணா" என்பான். அடுத்தது 691: பாஸ்வேர்டு தப்பு. கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும். அதுவும் எக்ஸ்சேஞ்சுக் குற்றந்தான்.

1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். நம் மக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுதந்திர தினத்தில் பிறந்தும் அது போன் லைனுக்கு அடங்கியே வளர்ந்தது. டயல் டோன், எண்கள், கீச்சு, இரைச்சல் என்று மோடம் போடும் சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து அறையிலோ தறிகள் ஓடும். "கொஞ்சம் தறியை நிறுத்தச் சொல்லுங்ணா." கூலிக்கு நெய்கிற இடத்தில் சொல்கிற பேச்சா அது? கரண்ட் போனால் தறி நிற்கும். கம்ப்யூட்டரும் கூடவே நிற்கும்.

அத்தனை தறிச் சத்தத்திலும் எந்தத் தறி தடுமாறுகிறது என்று கண்ணை மூடிச் சொல்கிறவர் அண்ணன். ஒருநாள் தம்பி திரையை முறைத்துக்கொண்டிருக்க, அவர் காதைச் சாய்த்தார். "இழை அறுந்துருச்சு தம்பி." உள்ளே அம்மிணி பேரலல் போனை எடுத்துத் தங்கச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக இணைந்தது. பெட்டியில் 56 கேபிபிஎஸ் என்று அச்சடித்திருந்தாலும் 31.2 வந்ததற்கே தம்பி கைகட்டி நின்றான், கும்பாபிஷேகம் பார்ப்பவனைப்போல. நூல் விலை பார்க்கப் பக்கம் திறந்தது, மேலிருந்து கீழாக, வரி வரியாக.

அது பாதி இறங்குவதற்குள் நூல் புரோக்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "ஏனுங்க, காலையிலிருந்து போன் எங்கேஜ்டாவே இருக்குது. நூல் வெல ஏறப்போகுது, வாங்கி வெச்சுக்குங்கன்னு சொல்லலாம்னு பாத்தனுங்க. இப்ப ஏறியே போச்சு!"

தம்பி நிமிர்ந்தான். "பாத்தீங்களாண்ணா, லைன் கட்டே ஆகல!"