நாயோடு வீடு தேடும் பேரனுக்கு

ஏலே பேராண்டி, மெட்ராஸ்ல நாயோட குடியிருக்க வீடு கெடைக்கலேன்னு போன்ல அழுதியாமே, ஒங்கம்மா சொன்னா. நல்ல வேளை, நாய் அழல. அதுக்கு ஒன்னைவிட மானம் சாஸ்தி.

நீ வீடு கேட்ட லெட்சணத்தை இங்கன கம்மாக்கரையில இருந்தே சொல்லுதேன். வீட்டுக்காரர் மொதல்ல கல்யாணம் ஆச்சான்னு கேட்டிருப்பார். அடுத்து, கறிமீன் உண்டா? அப்புறம் சொந்த ஊரு, குலதெய்வம்னு சுத்தி வளைச்சு ஒன் சாதிக்கு வந்திருப்பார். நாய் என்ன சாதின்னு மட்டும் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தா, "ராசபாளையம். 2005-ல கவருமெண்டே தபால்தலை போட்ட வம்சம். ஒங்களுக்கு எப்பம் போட்டாக?"ன்னு கேட்டிருக்கலாம்.

சட்டத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிராதே. அபார்ட்மெண்ட் சங்கம் கூடிக் கைதூக்கித் தீர்மானம் போட்டாலும் நாய் வளக்கத் தடை போட முடியாது, கொலைக்குதுங்கிறதும் காரணமாகாதுன்னு 2015-ல விலங்குகள் நல வாரியம் சொல்லியிருக்கு. வாஸ்தவம். ஆனா அது சங்கத்துக்கு. வீட்டுக்காரரு, "தங்கச்சி மகன் வாரான், வீடு இல்ல"ன்னு ஒரே சொல்லுல முடிச்சிருவாரு. இல்லாத தங்கச்சி மகனை எந்தக் கோர்ட்டுல போய்த் தேடுவே?

மறைச்சும் குடி போகாதே. வெள்ளைவெளேர்னு இடுப்பு ஒசரம் நிக்கிற உருப்படிய என்ன பக்கத்து வீட்டுப் பூனைன்னா சொல்லுவே? வெள்ளை ராசபாளையத்துல காது கேக்காத குட்டி விழுறது உண்டு. ஒன்னோடது அந்த ரகம்னா நீ பாக்கியவான். சங்கக் கூட்டத்துக்கு அதையே அனுப்பு.

புரோக்கரை விடு. நாய்னு வாயெடுத்ததும், "கஷ்டம் சார்"ம்பான். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளு. துணியில ஒட்டுன முடிய வச்சே எந்த வீட்டுல நாய், எந்த வீட்டுல பூனைன்னு சொல்லிருவார். ஏற்கெனவே நாய் கெடக்குற கட்டடம்னா பாதி வழக்கு தீந்துச்சு. ஊசி போடுற டாக்டர்ட்டயும் சொல்லி வை. வீட்டுக்காரன் வெளிநாட்டுல இருந்தா விட்டுறாதே. கொலைப்புச் சத்தம் கடல் தாண்டாது.

போறப்ப ஊசிச் சீட்டையும் கார்ப்பரேஷன் லைசென்ஸையும் ஜாதகம் கணக்கா கையில எடுத்துக்கோ. 2025-ல லைசென்ஸுக்கு 50 ரூபாய்தான். எடுக்கலேன்னா 5,000 அபராதம்னாக, சிப்பு வேற வைக்கணும்னாக. இதுல ஒரு வேடிக்கை கேளு. நாயை அம்போன்னு விட்டுட்டுப் போறவனுக்கு 1960-ல எழுதுன சட்டத்துல மொத தடவைக்கு மிஞ்சிப் போனா 50 ரூபாய். வளத்தாலும் அம்பது, கைகழுவுனாலும் அம்பது. எந்தக் கணக்குப்பிள்ளை போட்ட கணக்கோ!

ஒப்பந்தத்துல "நாய் உண்டு"ன்னு எழுதாம கையெழுத்துப் போடாதே. 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கூடாதுங்குது. ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிரன்னு ஒரு வாலும் வச்சிருக்கு. ஒன் நாயைக் காட்டி வீட்டுக்காரரு அந்த வாலத்தான் பிடிப்பாரு, சூதானம்.

செவத்தைப் பிராண்டுமேன்னு மூக்கால அழுதா, "காலி பண்ணுறப்ப பெயிண்டுக்குன்னு எப்படியும் ஒரு மாச வாடகையப் பிடிக்கத்தானே போறீக, பிராண்டிட்டுப் போகட்டுமே"ன்னு சொல்லு. அதுக்கும் மசியலையா? ஊர்ல இருந்து எங்க தாத்தா வந்து ஒங்ககூட ரெண்டு நாள் தங்கிப் பேசுவாருன்னு சொல்லு. மூணாம் நாள் காலையில, நாயே தேவலைன்னு சாவியக் கையில குடுத்துருவாரு.