தீவுச் செலவியல்: அம்பத்தூர்ப் பாடம்

நீர்சூழ் நிலமெலாம் தீவெனப் படாஅ;
விடுப்பும் பணமும் ஒருங்குடன் இயைந்து
பாட்டியும் ஒப்பிய நிலமே தீவே.

இது முதல் நூற்பா. இயற்றியவர் இன்னார் என்று துணிய முடியவில்லை. பாடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்குக் கிழக்கே வாழ்ந்தவர் என்பதும், நான்கு நாள் விடுப்புக்காக மேலதிகாரியின் அறைவாசலில் நின்றவர் என்பதும் மட்டும் நூலின் உள்ளிருந்தே புலப்படுகின்றன.

கடல் சூழ்ந்த நிலம் தீவு என்பார் பூகோள வாத்தியார். அந்த வரையறை தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரும்; ஆறு பேர் கொண்ட குடும்பத்தை வாசற்படி தாண்ட வைக்காது. ஆகவே இந்நூலார் தீவுகளை நீரைக்கொண்டு பகுக்காமல், வீட்டில் எழும் தடையைக்கொண்டு பகுத்தார். அப்படிப் பகுக்கத் தீவு ஐவகைப்படும்: மழைத்தீவு, திடல்தீவு, புண்ணியத்தீவு, பாஸ்போர்ட் தீவு, சர்க்கார் தீவு.

மழைத்தீவு, நாம் போகாமலே நம்மிடம் வருவது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மேற்குப் புறநகர்வாசிகள் பலர் இதைத் தத்தம் மாடியிலிருந்தே கண்டுகளித்தனர். படகு உண்டு, கட்டணம் இல்லை. ஏரி இருந்த இடத்தில் மனை வாங்கியவருக்கு இவ்வகை அடிக்கடி வாய்க்கும். திட்டமிடத் தேவையில்லாத ஒரே சுற்றுலா என்பதால் நூலார் இதை மேலும் ஆராயவில்லை.

திடல்தீவு, கூவத்தின் கிளைகளுக்கு நடுவே உள்ள தீவுத்திடல். பொங்கலை ஒட்டி அங்கே சுற்றுலாப் பொருட்காட்சி போடுவார்கள். ஆவடி லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எட்டிவிடும் தூரம். ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பிள்ளை காணாமல் போய் ஒலிபெருக்கியில் பெயர் கேட்பது ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். "பசங்க தீவு தீவுன்னு கேட்டாங்க, கூட்டிட்டுப் போயிட்டேன்" என்று வழக்கை இங்கேயே முடித்த தகப்பன்மார் உண்டு. சட்டப்படி அது சரிதான்.

புண்ணியத்தீவாவது ராமேஸ்வரம். இதை எள்ளி நகையாடுவோர் பாட்டியிடம் தோற்பர். ஏனெனில் அவ்வூர் அமைந்த பாம்பன் உண்மையிலேயே கடல் சூழ்ந்த வெப்பமண்டலத் தீவு. 1914-இல் ரயில் பாலம் வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று, நடுத்துண்டு அப்படியே மேலே தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடி இருக்கிறது. இருபுறமும் கடலைக் காணலாம். "அதுவும் தீவுதானடா? கடலும் இருக்கு, புண்ணியமும் இருக்கு. ரெண்டாயிரம் மைல் போயி மணலப் பாக்கணுமா?" என்ற பாட்டியின் கேள்விக்கு இதுவரை எவரும் தர்க்கரீதியாக விடை சொன்னதில்லை. "சரி பாட்டி, அதுக்கு அடுத்த வருஷம்" என்று ஒத்திவைப்பதே மரபு. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்து ஈரத்தோடு நடக்க வேண்டும் என்பதைப் பேரப்பிள்ளைகள் ஒரு தடையாகச் சொல்வர். அது தள்ளுபடி.

பாஸ்போர்ட் தீவு என்பது இலங்கை, மாலத்தீவு, பாலி, லங்காவி முதலாயின. பார்க்கப்போனால் எல்லாம் பக்கந்தான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலே விட்டார்கள். ஆயினும் இவ்வகைக்கு ஒரு நிலைத்த விதி உண்டு: குடும்பத்தில் ஒருவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கும், அவர் பெயரில் ஆதாரில் ஒரு தலைப்பெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தலைப்பெழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட் கேட்காத லட்சத்தீவும் இவ்வகையுள் அடங்குமோ எனின், அடங்கும். அங்கே நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்கும் முன் பெரும்பாலும் கொச்சிக்குப் போகவேண்டும். கொச்சிக்குப் போனவர் அப்படியே குருவாயூர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

எஞ்சியது சர்க்கார் தீவு, அதாவது அந்தமான். இந்நூல் பெரும்பாலும் இதைப்பற்றியதே. காரணம் ஆவடி.

ஆவடி, டேங்க் செய்யும் ஊர். 1961-இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று மத்திய அரசுச் சம்பளம் வாங்கும் வீடுகள் தெருத்தெருவாக உள்ள ஊர். அவ்வீடுகளில் எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) என்ற மூன்றெழுத்து மந்திரம் உண்டு. நான்காண்டுத் தொகுதி ஒன்றில் சொந்த ஊருக்குப் போகும் ஒரு சலுகையை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் அந்தமானுக்கோ காஷ்மீருக்கோ வடகிழக்குக்கோ போகலாம். வழக்கமாக விமானத்துக்குத் தகுதியில்லாத பணியாளரும் சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் பறக்கலாம். 2014 முதல் இந்தச் சலுகை இரண்டிரண்டு ஆண்டாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. பத்துநாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கிக்கொள்ளவும் வழியுண்டு. சொந்த ஊர் செங்கல்பட்டாக உள்ளவருக்கு இது எத்தகைய பண்டமாற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் டிக்கெட்டை நினைத்த இடத்தில் எடுக்க முடியாது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்று வாசல் வழியாகத்தான் எடுக்கவேண்டும். மருமகன் தன் கைபேசியில் நள்ளிரவு கண்டுபிடித்த மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. மேலும், விதி சொல்லும் குடும்பம் வேறு, வீட்டில் உள்ள குடும்பம் வேறு. பெற்றோர் "சார்ந்திருப்பவர்" என்றால்தான் சலுகைக்குள் வருவர். காலையில் டிபன் பாக்ஸ் கட்டி, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றி, மின்கட்டணத்தையும் நினைவூட்டும் அம்மாவை, அவருடைய மகன் படிவத்தில் "முழுவதும் என்னைச் சார்ந்து வாழ்பவர்" என்று எழுதிக் கையொப்பமிடுகிறான். தமிழில் இதைவிடத் துணிந்த புனைவு அண்மையில் வரவில்லை.

இனி மறுப்பியல்.

ஒப்புதல் என்றொரு பொருளே இல்லை;
மறுப்பெலாம் போயபின் நின்றதே ஒப்பு.

குடும்பத்தில் யாரும் "அந்தமான் போகலாம்" என்று சொல்வதில்லை. "ஊட்டி வேணாம்", "ஷிர்டி போயாச்சு", "டெல்லி குளிரு" என்பார்கள். யாரும் இன்னும் வேண்டாம் என்று சொல்லாத ஊர் எதுவோ அதுவே இலக்காகிறது. ஆகவே திட்டமிடும் கலை என்பது மறுப்புகளை அறியும் கலை. இதை உணராமல் கடற்கரைப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருப்பவர் வெறும் ஆர்வலர். அவருக்கு இந்நூலில் இடமில்லை.

முழங்கால் மறுப்பு பாட்டியுடையது. அந்தமானின் செல்லுலார் சிறை மூன்று மாடி, ராஸ் தீவு ஏற்றம். இதற்குச் சமாதானம் உண்டு. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த அச்சிறையின் ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்றே. கீழ்த்தளத்தையும் தூக்குமேடையையும் படியேறாமலே பார்க்கலாம், மாலை ஒலி-ஒளிக் காட்சி உட்கார்ந்து பார்ப்பது. ஆனால் பாட்டிக்கு உண்மையில் முழங்கால் ஒரு பொருட்டன்று. ராமேஸ்வரத்தை ஒத்திவைத்ததே வலி. ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேயர்) வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, அங்கே தமிழில் பேசினாலே காரியம் நடக்கும் என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் வலி பாதி குறையும்.

சுனாமி மறுப்பு பெரியம்மாவுடையது. பயணம் அரையாண்டு விடுமுறையில் அமைய, டிசம்பர் 26 அதற்குள் வந்து விழுகிறது. 2004-இல் அதே நாள், அதே தீவுகள். பெரியம்மா இதோடு நிற்பவரல்லர். 2010-இல் ஹாவ்லாக் தீவில் ஓர் அமெரிக்கப் பயணியை முதலை கொன்றதையும் கண்டெடுத்து அனுப்புவார். இதை வாதத்தால் வெல்ல முடியாது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற அளவில் பெரியம்மா சொல்வது முழுக்கச் சரி.

வாந்தி மறுப்பு அத்தையுடையது. திருப்பதி மலைப் பஸ்ஸே ஒத்துக்கொள்ளாதவர். இவருக்காகக் கப்பல்களை வகைப்படுத்த வேண்டியுள்ளது. சென்னையிலிருந்து போகும் பயணிகள் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுக்கும். நான்கு நாள் விடுப்பில் அதில் ஏறினால், இறங்கியவுடன் திரும்பினாலும் விடுப்புக்குள் வீடு சேர முடியாது. தீவுக்குத் தீவு செல்வன இருவகை: தனியாருடைய விரைவுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் ஹாவ்லாக் சேர்க்கும், ஆனால் மூடிய குளிரறை, அரசுக் கப்பல் மெல்லப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். வாந்தியருக்கு அரசுக் கப்பலே உத்தமம், விலையும் குறைவு என்பது என் துணிபு. எதில் ஏறினாலும் முன்கூட்டியே அவோமின் மாத்திரை.

சரித்திர மறுப்பு சித்தப்பாவுக்கே உரியது. இவர் வேண்டாம் என்பதில்லை, வேறிடம் என்பார். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது, அது நிக்கோபார், போனால் அங்கே போகவேண்டும் என்பார். நிக்கோபார் பழங்குடியினரின் பாதுகாக்கப்பட்ட பகுதி, சுற்றுலாவுக்குத் திறந்ததன்று. இதைச் சொன்னதும் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனதையும், 2018 டிசம்பரில் ஹாவ்லாக் ஸ்வராஜ் தீவும் நீல் ஷாஹீத் தீவும் ஆனதையும் எடுத்து விளக்குவார். டிக்கெட் எடுப்பவர் கவனிக்க: எல்லா முன்பதிவுத் தளங்களும் சித்தப்பா அளவுக்கு விரைவாகப் பெயர் மாற்றிக்கொள்வதில்லை.

மறுப்புகளுள் தலையாயது அப்பாவின் மவுன மறுப்பு. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்." இவ்வொரு வாக்கியத்தால் கவிழ்ந்த பயணங்கள் மேற்கு மாம்பலம் முதல் திருநின்றவூர் வரை எண்ணற்றவை. மாற்று மருந்து, ஏடுகளில் ஒன்றே கிடைக்கிறது: அவர் பெயருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, ரத்து செய்தால் எவ்வளவு நட்டம் என்பதை மட்டும் சொல்வது.

காலவியலில் நூலார் சற்றுக் கசந்துபோகிறார். போர்ட் பிளேயரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; சென்னையின் இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமான் கடலைத்தான், மே மூன்றாம் வாரம் வாக்கில். வடகிழக்குப் பருவமும் விடுவதில்லை. ஆக, நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. இப்போது பள்ளி நாட்காட்டியை எடுத்து அதன்மேல் வையுங்கள். காலாண்டு விடுமுறை மழையில். முழுப் பரீட்சை ஏப்ரலில். மே முற்பகுதி வெக்கை, பிற்பகுதி மழை. ஜனவரியில் பொங்கல், அப்போது ஊருக்குப் போகாதவன் மனிதனா? பிப்ரவரியில் கடல் கண்ணாடி, ஆனால் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. எல்லாம் கழிய நிற்பது அரையாண்டு விடுமுறை ஒன்றே. அதை இந்தியாவில் உள்ள அத்தனை குடும்பங்களும் இதே முறையில் கழித்துக் கண்டுபிடித்திருப்பதால் விமானக் கட்டணம் உச்சியில் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைக்காரருக்கு இந்தச் சிக்கலும் இல்லை. அவருக்கு விடுமுறை ஆயுத பூஜைக்குத்தான், அப்போது அங்கே மழை.

பொழுதுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஆவடியைவிட அந்தமான் பன்னிரண்டரை பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக ஐம்பது நிமிடம். கடிகாரமோ இரண்டிடத்திலும் ஒன்றே. டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஒன்பதரைக்கு டிபன், பன்னிரண்டுக்குக் குளியல், நாலு மணிக்குக் காபி குடித்துக் கிளம்பலாம் என்ற புறநகர் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை அங்கே கொண்டுபோகிறவர், டைம் இதழ் 2004-இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்ற ராதாநகரை இருட்டில்தான் காண்பார். பாராடங் சுண்ணாம்புக் குகை செல்வோர் நிலைமை இன்னும் கடிது: ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே வாகன அணிவகுப்பில்தான் போகவேண்டும், முதல் அணிவகுப்பைப் பிடிக்க ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு விடியுமுன் சேரவேண்டும், வழியில் நிற்கவோ படமெடுக்கவோ கூடாது. பாட்டி உள்ள குழுவுக்கு இதை விலக்குக.

புறப்பாட்டை இருவகை என்பர். அதிகாலை விமானத்துக்குப் பூந்தமல்லியார் போரூர் வழியே மெட்ரோத் தூண்களுக்கிடையே போவர். அம்பத்தூரார் புறவழிச்சாலை ஏறுவர். இரண்டு மணிக்கு அலாரம் வைத்துத் தூங்கியவர், தூங்காமலே இருந்தவர் என்பதும் ஒரு பகுப்பே. விமானத்தில் இருவரும் தூங்கிவிடுவதால் பயனில்லை. பொதியில் புளியோதரை, பொடி தடவிய இட்லி, தக்காளித் தொக்கு ஆகியவை நீங்கா. தொக்கும் ஊறுகாயும் எண்ணெய் உள்ளன. கைப்பையில் வைத்தால் சோதனையில் போகும், பெரிய பெட்டியில் வைத்தால் சட்டைக்குப் போகும்.

ஒழிந்தன சில. முதலில் படகு டிக்கெட்டைப் பார்த்து, பிறகு விமானத்தைப் பாருங்கள். தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்குங்கள், ஹாவ்லாக்கில் அல்ல. கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பேத்திக்கு என்று பையில் போடாதீர்கள்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் உண்டு, விமான நிலையச் சோதனையில் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.