இஞ்சிவிளைக்கு இருபுறமும் உலக உணவு: ஒரு நாக்கியல் ஆய்வு

இஸ்தான்புல்லில் தின்ற கபாப், பாரிசில் கடித்த ரொட்டி, பாங்காக் தெருவோரம் உறிஞ்சிய சூப்பு என்று உலகம் சுற்றியவர்கள் பக்கம் பக்கமாக உருகியிருக்கிறார்கள். களியக்காவிளையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்கியதை உலகப் பயணமாகக் கணக்கில் எடுத்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம் தெற்கே களியக்காவிளை, வடக்கே நெய்யாற்றின்கரை. நடுவில் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை. ஆய்வுக் கருவிகள்: நாக்கு ஒன்று, வயிறு ஒன்று, கொஞ்சம் சில்லறை. ஆய்வு முறை: சாயாக்கடை பெஞ்சில் இடம் கிடைக்கும்வரை நிற்பது, கிடைத்தபின் எழாமல் இருப்பது. மாதிரிகளின் எண்ணிக்கை வயிறு கொண்டமட்டும்.

முதலில் இஞ்சிவிளையில் தமிழ்நாடும் கேரளமும் பிரியும் எல்லைச் சிக்கல். 1956 நவம்பர் 1 வரை இங்கே எல்லையே கிடையாது. இரு பக்கமும் திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் பெரும்பாலும் நாக்கைப் பார்த்தே போட்டார்கள். ஆனால் நாக்குக்கு வேலை இரண்டு. பேசும் நாக்கை மட்டும் விசாரித்துவிட்டு, தின்னும் நாக்கின் வாக்குமூலத்தை வாங்காமலே 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்துவிட்டது. அதையும் கேட்டிருந்தால் கோடு குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போய் விழுந்திருக்கும். இதை எழுதியதற்காக என் சொந்த ஊரில் எனக்குச் சாயா கிடைக்காமல் போகலாம். ஆய்வாளன் அஞ்சக் கூடாது. பக்கத்து மாநிலம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் சான்று மரச்சீனிக் கிழங்கு. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இது மரவள்ளி. கேரளத்தில் வடக்கே போனால் கப்பை. எல்லையின் இரு பக்கத்திலும் மரச்சீனி. பெயரில் சீனி இருக்கிறதே, இனிக்குமா என்றால் இல்லை. சீனாவிலிருந்து வந்ததா என்றால் அதுவும் இல்லை. இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் கப்பல் வழியே கரையேறியது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இதன் சாகுபடியைப் பரப்பினார். விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்ததால் அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லித் தின்று காட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. பயத்திலும் நியாயம் இருந்தது: கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. அதனால்தான் இன்றும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரின் வயிற்றைத் தாங்கியது இந்தப் பிரேசில் விருந்தாளிதான்.

இதோடு சேரும் சாளைமீன் கறியின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தது. மீன் அரபிக்கடல். தேங்காய் மட்டும்தான் கடைக்காரர் வீட்டு விளை. ஆக, பாறசாலையில் ஒரு தட்டு மரச்சீனியும் சாளைக்கறியும் தின்று எழுந்தவன் இரண்டு சமுத்திரம் தாண்டியவன் என்பது நிறுவப்படுகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, சட்டையில் விழும்.

அடுத்தது சக்கை. பலாப்பழத்துக்கு மலையாளத்தைப் போலவே குமரித் தமிழிலும் இதுதான் பெயர். மதுரையிலிருந்து வந்த என் நண்பரிடம் எங்கள் அம்மூம்மா, “மக்களே, ரெண்டு சக்கை தின்னுட்டுப் போ” என்றார். கரும்பைப் பிழிந்தபின் வீசுவதைத்தான் அவர் ஊரில் சக்கை என்பார்கள். நமக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை போலும் என்று முகம் வாடி நின்றார் மனிதர். தட்டு வந்தபின் தெளிந்தார். இந்தச் சொல்லே உலகம் சுற்றியது: சக்கை, போர்த்துக்கீசியர் வாயில் ஜாக்காவாகி, ஆங்கிலத்தில் ஜாக் ஆயிற்று. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்றொரு பழைய மரத்தின் அடி நிற்கிறது. எதிரிகள் துரத்தியபோது திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். உள்ளே இருந்தபோது சக்கை தின்றாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் கவனம் எப்போதும் போர்களில்தான். இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. கேரளமும் 2018இல் அதையே மாநிலப் பழமாக அறிவித்துவிட்டது. பிரிந்து அறுபது ஆண்டு கழித்து இரு அரசுகளும் ஒரே பழத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. பலாப் பிசின் அப்படித்தான்.

முந்திரிக்கொத்து ஆய்வுலகின் பெரும் புதிர். பெயரைக் கேட்ட சென்னைக்காரர் முந்திரிப்பருப்பைத் தேடுகிறார். மலையாளி திராட்சையைத் தேடுகிறார். உள்ளே இரண்டும் இல்லை. வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய், சுக்கு, ஏலம் எல்லாவற்றையும் கருப்பட்டி அல்லது வெல்லப் பாகில் பிசைந்து உருட்டி, அரிசிமாவில் முக்கி, மும்மூன்றாக எண்ணெயில் விடுவார்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல் வெளியே வரும். ஆகவே பெயரில் இருப்பது பொருள் அல்ல, தோற்றம். பல நாள் வைத்தாலும் கெடாது என்பதால் கல்யாண வீட்டுச் சீரிலும், திருவனந்தபுரம் விமானத்தில் வளைகுடா போகிறவன் பெட்டியிலும் இதற்கு நிரந்தர இடம் உண்டு. வெளிநாட்டில் தின்ற உணவுகளில் மறக்க முடியாதது எது என்று மஸ்கட்டில் இருந்து வந்த ஒருவரிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “அம்மை குடுத்துவிட்ட முந்திரிக்கொத்து.”

வளைகுடா போனவர்கள் சும்மா திரும்பவில்லை. ஏமன் நாட்டு ஹத்ரமௌத் பகுதியின் மந்திச் சோறு இப்போது தேசிய நெடுஞ்சாலை ஓரம் ‘குழிமந்தி’ என்று பெரிய எழுத்தில் தொங்குகிறது. பலகையை எழுத்துக்கூட்டிப் படித்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “மந்தியையா தின்னுதானுவ? அதுவும் குழி தோண்டியா?” என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. தரையில் குழி தோண்டி அதற்குள் வேகவைப்பதால் குழி. மந்தி அரபுச் சொல். குரங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை இங்கே எழுத்தில் பதிவுசெய்வது அவர் பசியாற வேண்டும் என்பதற்காக.

மறுப்பாளர் ஒருவர் எழுந்து, வெறும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எப்படி வெளிநாடு ஆகும் என்று கேட்கலாம். 2020இல் ஊரடங்கின்போது இந்த எல்லையை அடைத்தார்கள். இஞ்சிவிளையில் நின்று, பாஸ் இருக்கிறதா என்றார்கள். அந்த நாட்களில் அக்கரைப் பழம்பொரி எனக்கு இந்திரலோகத்து அமுதமாகவே தோன்றிற்று. வழி திறந்ததும் ஓடிப்போய்த் தின்றேன். எங்கள் பக்கம் பழபஜ்ஜி என்று விற்கும் அதே ஏத்தன்பழம், அதே மாவு. இருந்தாலும் இரண்டாவதும் வாங்கினேன்.

எஞ்சியது ரசவடை. பருப்புவடையை ரசத்தில் ஊறப் போட்டது. எல்லைக்கு இருபுறமும் ஒரே பெயர், ஒரே காரம். அதைப் பற்றிய என் முடிவுகளை வெளியிடும் முன் பிற ஆய்வாளர்களும் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். வருகிறவர்கள் மாலை நான்கு மணிக்குள் வந்துவிடுங்கள். ஐந்துக்கு மேல் பாத்திரத்தில் ரசம்தான் இருக்கும்.